இருபத்தேழு காரணங்களும் ஒரு சும்மாவும்

பேச்சியம்மாளுக்கு மனசு இல்லை என்று பல்கலைக்கழகத்தின் இயந்திரம் ஒன்பது முறை சொன்னது. எனக்கு மனசு இருக்கிறது என்று அதே இயந்திரம் அதே ஒன்பது நாளும் சொன்னது. இரண்டில் எது பெரிய பொய் என்பதுதான் இந்தக் கதை.

என் பெயர் சங்கரநயினார். வடபொற்றைக் கலை அறிவியல் கல்லூரியில் உளவியல் முதலாண்டு. மனித மனத்தை அறியும் வேட்கையால் சேர்ந்தேன் என்று நேர்முகத்தில் சொன்னேன். உண்மையில், விண்ணப்பம் போடும்போது திரையில் வணிகவியலுக்கு அடுத்த வரியில் உளவியல் இருந்தது. விரல் வழுக்கிவிட்டது.

அந்த செமஸ்டரின் நடுவில் பல்கலைக்கழகம் ஒரு பேருண்மையைக் கண்டுபிடித்தது. மாணவர்கள் உடம்பை மட்டும் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டு மனசை வெளியே அனுப்பிவிடுகிறார்களாம். எங்கள் பெஞ்சுகளுக்கு இது ஐம்பது வருடமாகத் தெரியும்; யாரும் அவற்றைக் கேட்டதில்லை. உடனே உடல் வருகை ஒழிந்தது, மன வருகை வந்தது. ஆளுக்கொரு பட்டை. இடது மணிக்கட்டில் மாட்ட வேண்டும். நாடி, வியர்வை, தோலின் சூடு மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்கும். மனம் பாடத்தில் இருந்தால் பச்சை விளக்கு. இல்லாவிட்டால் சாம்பல். ஐம்பது நிமிட வகுப்பில் பாதி நேரமாவது பச்சை எரிந்தால்தான் அன்று நீங்கள் வந்ததாகக் கணக்கு. நாற்பது வகுப்புக்கு முப்பது வருகை இல்லையென்றால் ஹால் டிக்கெட் கிடையாது. அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே பாடத்தை முதலிலிருந்து கேட்க வேண்டும்.

மன வருகை அலுவலராக எங்கள் உடற்கல்வி இயக்குநர் கோமதிநாயகம் சார் நியமிக்கப்பட்டார். நாடித் துடிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் முதல்வருக்கு அவர் ஞாபகம்தான் வந்ததாம். சார் கழுத்தில் விசிலோடு வந்து, தரைத்தளத்து அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கையாகப் பிடித்துப் பட்டையைப் பூட்டினார்.

"மனசத் தூக்கிட்டு ஓடிராதீங்கல. இப்ப அது நம்ம கண்ட்ரோல்ல இருக்கு."

பட்டை வந்த வாரமே கல்லூரிக்கு உயிர் வந்துவிட்டது. புள்ளியியல் சார், "அடுத்த நிமிஷம் யாரையாவது எழுப்பிக் கேப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஐம்பது நிமிடமும் யாரையும் எழுப்பாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு முழுக்கப் பச்சை. வரலாற்று சார் பாளையக்காரர்களை விட்டுவிட்டு, அவர்கள் கோட்டையில் உலவும் பேயைப் பற்றி மட்டும் நடத்தினார். அங்கும் பச்சை. தமிழ் ஐயா போர்க்களப் பாடலுக்கு மேசையைக் குத்தியதில் மேசைக்கே பச்சை எரிந்திருக்கும். நான் கடைசி பெஞ்சில் மேசைக்கு அடியில் கைப்பேசியில் கபடி ஆடினேன். எதிரணி என் காலைப் பிடிக்கும்போதெல்லாம் என் மனம் பாடத்தில் இருப்பதாகப் பல்கலைக்கழகம் பதிவு செய்தது.

ஒரே ஒரு வகுப்புதான் மாறவில்லை. 'உணர்ச்சியும் உந்துதலும்' என்ற பாடம். நடத்தியது ஜெபக்கனி மேடம். கௌரவ விரிவுரையாளர். பதவியின் பெயரிலேயே கௌரவத்தை எழுதித் தர வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். மேடத்தின் குரலைவிட மின்விசிறியின் குரல் பெரியது. யாருக்காகவும் அவர் தன் குரலை உயர்த்தியதில்லை.

அந்த வகுப்பில் பெண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில், நடைவழியை ஒட்டி உட்காருபவள் பேச்சியம்மாள். பெயரில் உள்ள பேச்சு பெயரோடு சரி. தாடையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்பாள். அவ்வளவுதான். கண் இமைப்பதுகூடக் குறைவு. அவள் பட்டை மட்டும் முதல் நாளிலிருந்து சாம்பல்.

ஒன்பதாவது சாம்பலன்று கோமதிநாயகம் சார் கையில் டேப்லெட்டோடு வகுப்புக்கே வந்துவிட்டார்.

"இந்தாம்மா, பேச்சி. எதுக்கு இந்தக் கிளாஸுக்கு வார? காரணம் போடணும். பாரத்துல கேக்கு."

பேச்சி எழுந்து நின்றாள்.

"சும்மாதான் சார்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், அப்போது எனக்கும் அது நகைச்சுவையாகத்தான் பட்டது.

"சும்மான்னா?"

"சும்மா... கேக்கதுக்கு சார்."

சார் டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நிபுணர் குழு ஒன்று மனித குலத்தின் உந்துதல்கள் அனைத்தையும் இருபத்தேழில் அடக்கியிருந்தது. பசி முதலாவது. மதிப்பெண் மூன்றாவது. பெற்றோர் கட்டாயம் ஐந்தாவது. காதல் பதினான்காவது, தேநீருக்கும் போட்டிக்கும் நடுவில். சும்மா எங்கும் இல்லை. கடைசியில், இருபத்தேழாவதாக இருந்த 'காரணம் இல்லை' என்பதை சார் விரலால் தட்டினார். திரை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"உந்துதல் குறைபாடு. உறுதி," என்று சார் வாசித்தார். வாசித்த பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்படித்தாம்மா போட்டிருக்கு."

"நான் நல்லாத்தான் கேக்கேன் சார்," என்றாள் பேச்சி.

சார் மேடத்தைப் பார்த்தார். "என்ன மேடம், இவ கவனிக்காளா இல்லையா?"

"இந்த வகுப்புல கவனிக்கறது இவ ஒருத்திதான் சார்," என்றார் மேடம். நாங்கள் யாரும் மறுக்கவில்லை.

"அப்ப ஏன் சாம்பல் காட்டுது?"

"பட்டைக்குத் தெரிஞ்சது ஒடம்பு துள்ளுதா இல்லையாங்கறது மட்டும்தான் சார். எதுக்குத் துள்ளுதுன்னு தெரியாது. நாய் தொரத்தினாலும் துள்ளும், பரிசு விழுந்தாலும் துள்ளும். ஒடம்புக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நாமதான் சுத்திலும் பாத்து, இது பயம், இது சந்தோஷம்னு பேர் வைக்கோம். இவ துள்ளல. குறி பாத்து எறியறவன் எறியறதுக்கு முந்தி மூச்சை அடக்குவான்லா? அந்த மாதிரி அடங்கி இருக்கா."

சாருக்கு இது உடனே புரிந்தது. எத்தனை ஈட்டியைப் பார்த்தவர்.

"வாஸ்தவம் மேடம். ஆனா பாரத்துல அதுக்கு எடம் இல்லையே."

அன்று வகுப்பு முடிந்ததும் பேச்சி என் பெஞ்சுக்கு நேராக வந்தாள். ஆண்கள் பக்கம் ஒரு பெண் நடந்து வருவது எங்கள் கல்லூரியில் செய்தி. என் பக்கத்தில் இருந்த இசக்கிராஜ் மரியாதையாக எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"நயினாரு, ஒனக்கு மட்டும் எப்படி ஒம்பது நாளும் பச்சை?"

"உழைப்பு."

"வெளையாடாத. எனக்கு இந்தப் பேப்பர் நின்னா வீட்ல படிப்பையே நிப்பாட்டிருவாவ. எங்க அக்காளுக்கு அப்படித்தான் நிப்பாட்டினாவ. ஒரே ஒரு பேப்பர். இப்ப அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க."

அவள் அழவில்லை. பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

கபடியைக் காட்டினேன். கைப்பேசியை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் மேடத்தின் குரல் தொடங்கிய நான்காவது நிமிடத்தில் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். எதிரணி அவளைத் தேடிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சை மிளகாய் கொடுத்துப் பார்த்தேன். கண்ணில் நீர் வழியக் கடித்தாள். பட்டை பச்சையானது, மேடத்தின் குரல் வந்தது, பட்டை சாம்பலானது. காரத்தைக்கூட மறந்துவிடும் ஒருத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"ஒனக்கு வியாதி பிள்ள," என்றேன். "ஆர்வம் முத்திப்போச்சு."

மேடத்துக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்பதால் இந்த ஒத்திகையெல்லாம் மதியம் துறை அறையில் நடந்தது. மேடத்தின் பழைய ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டோம்; அது வருகைக் கணக்கில் வராது. கணக்கு இதுதான்: பட்டைக்கு முந்தைய இருபது வகுப்புக்கும் பேச்சி வந்திருந்தாள். இருபது. எனக்கு அதில் பதினான்கு, பட்டை வந்த பின் ஒன்பது. ஆக இருபத்து மூன்று. இன்னும் பதினோரு வகுப்பு பாக்கி. அவளுக்குப் பத்து வேண்டும். எனக்கு ஏழு.

"பட்டைய மாத்திக்குவோம்," என்றேன். "ஒன் பட்டை என் கையில. நான் துள்ளுதேன், ஒனக்குப் பச்சை. என் பட்டை ஒன் கையில. அதுல நீ எனக்கு ஒரு ஏழு வாங்கித் தா."

"நான் துள்ளவே மாட்டேங்கேனே."

"பதினொண்ணுல ஏழுதான். முயற்சி பண்ணு."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "நீ எதுக்கு இதச் செய்யுத?"

"சும்மா," என்றேன்.

பட்டையை சார் தினமும் கீழே கொக்கி போட்டுப் பூட்டுவார். கழற்றினால் மூன்று நிமிடத்துக்குள் மறுபடி மாட்ட வேண்டும். தவறினால் அவர் அறையில் மணி அடிக்கும். எங்கள் கல்லூரியில் ஆண்களுக்குத் தனிப் படிக்கட்டு, பெண்களுக்குத் தனிப் படிக்கட்டு. ஒழுக்கத்தைக் காப்பதற்காக ஸ்தாபகர் கட்டியது. கட்டடத்தின் இரு முனையிலிருந்தும் கிளம்பும் இந்த இரண்டு ஒழுக்கங்களும் மூன்றாவது மாடியில்தான் சந்திக்கும். ஆகவே மாற்றும் இடம் மூன்றாவது மாடியில் எங்கள் வகுப்புக்கு வெளியே உள்ள முகப்பு என்று முடிவானது. நான் மூன்று மாடியும் ஓடி ஏறுவேன், நாடி ஏறட்டும் என்று. மேலே பேச்சி கழற்றிய பட்டையை நீட்டிக்கொண்டு நிற்பாள். என்னுடையதைக் கொடுத்துவிட்டு அதை மாட்டிக்கொண்டு, அவளுக்கு நேரே நடைவழியை ஒட்டிய பெஞ்சில் போய் உட்காருவேன். பச்சை.

மூன்றாவது நாளே சார் வகுப்பு வாசலில் ஒரு துணிப்பையைக் கட்டி எல்லாக் கைப்பேசிகளையும் அதில் போடச் சொல்லிவிட்டார். மிளகாய்க்கு மாறினேன். நான்காவது நாள் மிளகாயை மறந்து வந்துவிட்டேன். அன்றும் ஐம்பது நிமிடம் பச்சை. என் உடல்தகுதியை எண்ணிப் பெருமைப்பட்டேன்.

பேச்சியும் என் பட்டையில் பச்சை வாங்கத் தொடங்கினாள். எப்படி என்று கேட்டேன்.

"அக்காளப் பத்தி நெனைப்பேன். அவ புத்தகத்த எல்லாம் எடைக்குப் போட்டாவல்லா, அந்த நாளை. அப்ப வருத கோவத்த விடாமப் பிடிச்சுக்கிடுவேன். மேடம் சொல்லுதது காதுல விழுந்தாப் போயிரும். அதனால கேக்காம இருப்பேன்."

"கேக்காமயா?"

"ஆமா. ஒனக்கு ஏழு வேணும்லா."

அவள் நோட்டில் அந்த நாள்களின் தேதி மட்டும் இருந்தது. கீழே வெறும் கோடுகள். எனக்கு அந்த வெற்றுப் பக்கம் பிடிக்கவில்லை. ஆனாலும் நோட்டை மூடிக் கொடுத்தேன்.

ஐந்தாவது வகுப்பில்தான் விபத்து.

மேடம் ஒரு பாலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளத்துக்கு மேல் ஆடும் தொங்குபாலம். அதில் நடந்து வருகிற ஆண்களிடம் ஒரு பெண் நின்று நாலு கேள்வி கேட்கிறாள், தன் எண்ணைக் கொடுக்கிறாள். ஆடாத பாலம் ஒன்றிலும் அதே பெண், அதே கேள்வி. ஆடும் பாலத்தில் வந்தவர்கள்தான் அதிகம் பேர் பிறகு அவளை அழைத்தார்களாம்.

"ஏன்னா, பாலம் ஆடினதுல நெஞ்சு அடிக்கு. கண்ணுக்கு எதிர்ல அவ நிக்கா. நெஞ்சு அடிக்கது இவளுக்காகத்தான்னு நெனைச்சுக்கிட்டான்."

"அப்ப அவனுக்குப் பாலத்து மேலதான் லவ்வா மேடம்?" என்றான் இசக்கிராஜ்.

"அவனுக்குத் தெரியாதுல்லா. அதான் விஷயமே."

நான் எழுந்து நின்றேன். என் கல்வி வரலாற்றில் நான் கேட்ட முதல் கேள்வி அது.

"பாலமா, ஆளான்னு எப்படி மேடம் கண்டுபிடிக்கது?"

மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். "பாலத்த எடுத்துட்டுப் பாக்கணும்," என்றார்.

உட்கார்ந்தேன். மேடம் மேலே சொல்லிக்கொண்டு போனார். நெஞ்சுக்கும் பெயருக்கும் உள்ள உறவு, பெயர் தவறும் இடங்கள், தவறான பெயரோடு வாழ்ந்து முடிக்கிற மனிதர்கள். மூன்று மாடி, அதன் உச்சியில் நீட்டிய கை, அதில் ஒரு பட்டை என்று எனக்குள் ஒரு பாலம் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. மேடத்தின் குரல் மட்டும் இருந்தது. மின்விசிறி எங்கே போனதென்று தெரியவில்லை.

மணி அடித்தபோது நடைவழிக்கு அந்தப் பக்கம் பேச்சி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். என் மணிக்கட்டைப் பார்த்தேன். சாம்பல். முப்பத்தொரு நிமிடமாகச் சாம்பல்.

"நயினாரு, என்ன காரியம் பண்ணிட்ட?" முகப்பில் வைத்துக் கேட்டாள். "பாடத்தக் கவனிச்சிட்டியா?"

"தெரியாம நடந்துபோச்சு."

"எனக்கு ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அதுவும் போச்சு. இனி மிச்சம் ஆறும் வேணும்."

"இனிமே சத்தியமா கவனிக்க மாட்டேன்," என்றேன். ஒரு மாணவன் இதைவிட உருக்கமாக யாரிடமும் வாக்குக் கொடுத்திருக்க மாட்டான்.

வாக்கைக் காப்பாற்றினேன். மேடம் சுவையாகப் பேசத் தொடங்கும்போதெல்லாம் பேச்சி பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே பார்த்தால் பாடம் காதில் விழவில்லை. பச்சை நிலைத்தது. மாடி ஓட்டத்தின் மகிமை என்று பெயர் வைத்துக்கொண்டேன். அடுத்த ஐந்து வகுப்பும் அவளுக்குப் பச்சை. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு என் கணக்கை ஏற்றினாள். பத்து வகுப்பில் எனக்கு ஆறு. கடைசி வகுப்புக்கு முந்தின நாள் நிலவரம்: அவளுக்கு இருபத்தொன்பது, எனக்கு இருபத்தொன்பது. இருவருக்கும் ஒவ்வொன்று.

அன்று மாலை இறங்கும்போது இரண்டாவது மாடியில் கால் பிசகினேன். கணுக்கால் கொழுக்கட்டைபோல வீங்கியது. கோமதிநாயகம் சார்தான் துணி சுற்றிக் கட்டினார். மறுநாள் நொண்டிக்கொண்டு வந்தவனைப் பட்டையைப் பூட்டும்போது தடுத்துவிட்டார்.

"படி ஏறப்படாது. ஸ்டாஃப் லிப்ட்ல வா. கடைசி கிளாஸ், நானும் பாக்கணும்." என் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பழக்க தோஷம். "அறுபத்தெட்டு. குதிரை மாதிரி இருக்க."

லிப்டில் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஓட்டம் இல்லை. மிளகாய் இல்லை. கைப்பேசி பையில். அறுபத்தெட்டை வைத்துக்கொண்டு பேச்சியின் படிப்பை எப்படிக் காப்பாற்றுவது? மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. சார் முன்னால் போனார். முகப்பில் பேச்சி நின்றாள், கையில் பட்டை.

"கால் எப்படி இருக்கு?" என்றாள்.

வாங்கி மாட்டினேன். அடுத்த நொடி பச்சை எரிந்தது.

பாலத்தை எடுத்துவிட்டார்கள். நெஞ்சு அடிப்பது நிற்கவில்லை. பரிசோதனை முடிந்தது. முடிவை வெளியிடும் நிலையில் நான் இல்லை.

மேடம் கரும்பலகையில் அன்றைய தலைப்பை எழுதினார்: 'செயலே பரிசாகும்போது.' எழுதும்போதே நடைவழிக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு இழுபடும் சத்தம் கேட்டது. செமஸ்டரின் முதல் நாளிலேயே பேச்சி பாடத்திட்டத்தில் இந்த வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தாள். அந்த வெற்றுப் பக்க நோட்டின் முதல் பக்கத்தில் அதை ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

"படம் வரையறதுல ஆசை உள்ள சின்னப் பிள்ளைங்க," என்று மேடம் ஆரம்பித்தார். "அதுகள்ட்ட வரைஞ்சா பரிசு தாரோம்னு சொன்னாங்க. வரைஞ்சுது. பரிசும் குடுத்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சு, பரிசு இல்லாம சும்மா காகிதத்தையும் கலரையும் வச்சுட்டு ஒதுங்கி நின்னு பாத்தாங்க. முன்னாடி ஆசையா வரைஞ்ச அதே பிள்ளைங்க, இப்ப வரையறது கொறைஞ்சுபோச்சு."

பேச்சி கண்ணை இறுக மூடியிருந்தாள். விரல்களை மடக்கி மேசையில் அழுத்தியிருந்தாள். அக்காவின் புத்தகங்களை எடைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அவள் கையில் என் பச்சை எரிந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம். பதினைந்து. இன்னும் பத்து எரிந்தால் எனக்கு முப்பது. மூடிய கண்ணின் ஓரத்தில் நீர் வந்துவிட்டது. மிளகாய்க்கு வந்த நீர் வேறு, இது வேறு.

பின்பெஞ்சில் சார் டேப்லெட்டில் குனிந்திருந்தார். நான் நடைவழிப் பக்கம் சாய்ந்தேன்.

"பிள்ள. கண்ணத் தெற."

"பேசாத. போயிரும்."

"போவட்டும். கேளு."

"ஒனக்குப் பத்து நிமிஷம்தான்..."

"இந்தப் பாடம் அடுத்த வருஷமும் எனக்கு இருக்கும். ஒனக்கு இன்னைக்கு மட்டும்தான். கேளு."

அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை, கரும்பலகையைப் பார்த்தாள். மடங்கிய விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. தாடை உள்ளங்கைக்குப் போனது. அவள் கையில் என் பச்சை மெல்ல மங்கிச் சாம்பலானது. என் கையில் அவள் பச்சை மணி அடிக்கும்வரை அசையவில்லை.

வகுப்பு கலைந்ததும் சார் எங்கள் இருவரையும் நிறுத்தினார். டேப்லெட்டில் ஒரு கோட்டைக் காட்டினார்.

"இது பேச்சியோட கோடு. மூணாவது மாடில ஏறுது. ஏறினது எறங்கவே இல்ல. ஏல, முப்பது வருஷமா நாடி பிடிக்கேன். ஓடின நாடி அஞ்சு நிமிஷத்துல எறங்கிரும். பயந்த நாடி குதிச்சு குதிச்சு நிக்கும். இது ரெண்டும் இல்ல." என் கையைப் பிடித்துத் திருப்பினார். பட்டையின் உள்பக்கம் பேச்சியம்மாள் என்று அச்சிட்டிருந்தது. "கீழ நான் பிடிச்சப்ப அறுபத்தெட்டு."

மேடம் கரும்பலகையை, ஏற்கெனவே அழித்த இடத்தையே, மறுபடி அழித்துக்கொண்டிருந்தார்.

"முறைகேடு. ரெண்டு பேருக்கும் மூணு வருஷம் தடை. பாரம் போடணும்." சார் திரையைத் தட்டினார். "காரணம் கேக்கு. ஏன்ல செஞ்ச?"

"சும்மா சார்."

சார் பட்டியலைத் தள்ளினார். பசியிலிருந்து ஆரம்பித்து நிதானமாகக் கீழே வந்தார். நடுவில் ஒரு இடத்தில் விரல் நின்றது.

"பதினாலாவதா ஒண்ணு இருக்கு."

எனக்குக் காது சுட்டது. பேச்சி ஜன்னலைப் பார்த்தாள்.

"அது இல்ல சார். சும்மாதான்."

"அப்பிடியா." சார் இருபத்தேழாவது வரை வந்தார். 'காரணம் இல்லை' என்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இத ஒருக்கா தட்டி ஒரு பிள்ளைய மனசு இல்லாதவளா ஆக்கினேன். இன்னொருக்கா தட்ட மாட்டேன். மேடம், இந்த சும்மாவ நான் எங்கன போட?"

"தெரியல சார்," என்றார் மேடம். "செமஸ்டர் முழுக்க அதத்தான் நடத்தினேன்."

காரணம் நிரப்பாவிட்டால் பாரம் அடுத்த பக்கத்துக்குப் போகாது. சார் இரண்டு முறை தட்டிப் பார்த்தார். இரண்டு முறையும் திரை காரணம் கேட்டது. டேப்லெட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பட்டைகளையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். வாசலில் திரும்பினார்.

"கால்ல பாரம் குடுக்காத. லிப்ட்ல எறங்கு."

பேச்சிக்கு ஹால் டிக்கெட் வந்தது. எனக்கு வரவில்லை. அவள் அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். எனக்காகக் கேட்காமல் இருந்த ஆறு வகுப்பின் கேள்விகளை மட்டும் தொடாமல் விட்டிருந்தாள். வீட்டில் யாரும் எதையும் நிறுத்தவில்லை. புது வருடத்தில் உந்துதல்களின் பட்டியலை நிபுணர் குழு இருபத்தெட்டாக உயர்த்தியது. இருபத்தெட்டாவது 'இதர'.

நான் ஜூனியர்களோடு உட்கார்ந்தேன். அவர்கள் என்னை அண்ணன் என்றார்கள். கபடி கற்றுத் தரச் சொன்னார்கள். முதல் வகுப்புக்கு மேடம் வருவதற்கு முன்பே, நடைவழிக்கு அந்தப் பக்கம், இரண்டாவது பெஞ்சில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். கையில் பட்டை இல்லை. இரண்டாம் ஆண்டுக்கு அது ஓய்வு நேரம், ஓய்வு நேரத்துக்கு மன வருகை கிடையாது.

"என்ன இங்கன?"

"விட்டுப்போன கிளாஸ் ஆறு இருக்குல்லா. கேக்கணும்."

நியாயமான காரணம். பட்டியலில்கூட இருந்தது, எட்டாவதாக. அவளுக்குரிய ஆறு பாடங்களையும் தேடித் தேடி வந்து கேட்டாள். வெற்றுப் பக்கங்களில் அதே தேதிகளுக்குக் கீழே எழுதி நிரப்பினாள். ஆறாவது முடிந்ததும் நோட்டை மூடினாள். அன்று என் பட்டையைப் பார்க்க நான் விரும்பவில்லை.

மறுநாள் அவள் அதே இடத்தில் இருந்தாள். நோட்டு இல்லை.

"ஆறும் முடிஞ்சிட்டே," என்றேன். "இன்னைக்கு எதுக்கு வந்த?"

பேச்சி தாடையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"சும்மா."

எந்தச் சும்மா என்று அவள் முகத்தில் தேடினேன். அவளுடைய பழைய சும்மாவா, என்னுடையதா? அவள் கையில் விளக்கு ஏதும் இல்லை. கேட்பதற்கு வாயெடுத்தேன். அதற்குள் என் மணிக்கட்டில் பச்சை எரிந்துவிட்டது.

மேடம் இன்னும் வகுப்புக்கு வரவில்லை.